நொய்யலில் தங்கிய உப்பு

கோபிசெட்டிபாளையத்து வயல்களுக்குக் கொடிவேரி அணையிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பவானி நீரைக் கொண்டு சேர்க்கின்றன. அதே கொங்கு மண்ணில், தெற்கே திருப்பூரை ஊடறுத்து ஓடும் நொய்யலும் பவானியைப் போலவே காவிரியில் கலக்கும் ஆறுதான். ஆயினும் நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் 1990களில் எழுப்பிய கோரிக்கை விந்தையானது: ஒரத்துப்பாளையம் அணையைத் திறக்க வேண்டாம் என்பதே அது.

ஏறத்தாழ 20,000 ஏக்கர் பாசனத்தைக் கருதிக் கட்டப்பட்டு 1992இல் பயன்பாட்டுக்கு வந்த அவ்வணை, சில ஆண்டுகளுக்குள் சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. இதன் காரணத்தைச் சற்று விரிவாகவே நோக்க வேண்டும். பருத்தித் துணியில் சாயம் பற்றுவதற்குத் தொட்டியில் ஏராளமாக உப்பு சேர்க்கப்படுகிறது. சாயத்தைத் துணியின்பால் உந்துவதோடு அதன் வேலை முடிந்துவிடும். துணியில் அது தங்குவதில்லை, நீரோடு முழுவதுமாக வெளியேறுகிறது. சுண்ணாம்பு போன்றவற்றை இட்டுக் கழிவுநீரின் நிறத்தைக் குறைக்கலாம்; கரைந்த உப்பை அவற்றால் பிரிக்க இயலாது. தொடக்கத்தில் அமைந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் தோற்றது இங்கேதான். தெளிந்த நீர் வெளியேறியது. அந்நீரைக் குடித்த நிலம் உவர்ந்தது. கிணறுகளும் கெட்டன.

1990களின் தொடக்கத்தில் சில நூறு கோடி ரூபாயாக இருந்த திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி, 2007 வாக்கில் பத்தாயிரம் கோடியைத் தாண்டியது. வாங்கிய நாடுகள் தூய்மையைக் குறித்து அக்கறையற்றிருந்தன என்று கூறிவிட முடியாது. புற்றுநோய் விளைக்கும் சில அசோ சாயங்களை ஜெர்மனி 1994இல் தடைசெய்தது. அதனைத் தொடர்ந்து 1997இல் இந்தியாவும் தடைவிதித்தது. கடல்கடந்த ஒரு சட்டம் நம் பட்டறையின் சாயத்தையே மாற்றிவிட்டது! ஆனால் அச்சட்டம் காத்தது அணிபவரின் உடலை. துணியோடு கப்பலேறாத உப்பு எந்த இறக்குமதியாளரின் சோதனைக்கும் உட்படவில்லை.

பாலாற்றங்கரையில் நிகழ்ந்ததும் இதுவே. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு குறித்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியை உச்ச நீதிமன்றம் 1996இல் இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் வணிகத்தில் நம் சமுதாயத்தாரின் பங்கு பெரிது. இதனைப் பிறர் கதையாக நாம் வாசித்துவிட முடியாது.

திருப்பூர்ச் சாயப்பட்டறை உரிமையாளர்கள் தொடுத்த மேல்முறையீட்டில் அதே நெறியை உச்ச நீதிமன்றம் 2009இல் உறுதிசெய்தது. கழிவுநீர் வெளியேற்றம் நிற்காமையால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட பட்டறைகளை மூட ஆணையிட்டது. தொழிலாளர் வேலையிழந்தனர், சாயமிடும் பணி வேறு மாவட்டங்களை நாடிச் சென்றது. சாய, தோல் கழிவுகளால் ஏற்கெனவே நலிந்திருந்த காலிங்கராயன் வாய்க்காலை அறிந்த ஈரோட்டு மக்களுக்கு அது நற்செய்தியன்று.

பின்னர்த் திறக்கப்பட்ட பட்டறைகள் சவ்வூடு வடிகட்டிகளையும் ஆவியாக்கிகளையும் கொண்டு நீரையும் உப்பின் பெரும்பகுதியையும் மீட்டு மறுபடி பயன்படுத்துகின்றன. அதற்கு மின்சாரமும் விறகும் மிகுதியாகச் செலவாகின்றன. டாக்காவின் ஆறுகளில் கழிவை விடும் போட்டியாளருக்கு அச்செலவு இல்லை. விலை கேட்கும் அயல்நாட்டு வணிகர் இருவரிடமும் ஒரே விலையைத்தான் கேட்கிறார். மீட்க இயலாத கலப்பு உப்போ, மூட்டைகளாகச் சுத்திகரிப்பு நிலையங்களில் குவிந்துவருகிறது.