தமிழ்த் துப்பறியும் வலைத்தொடர்கள்

துப்பறியும் தொடர் என்பது ஒரு குற்றத்தில் தொடங்கி, தடயங்கள், சாட்சிகள், விசாரணை ஆகியவற்றின் வழியே குற்றவாளியைத் தேடிச் செல்லும் தொலைக்காட்சி நாடக வகையாகும். 2021ஆம் ஆண்டு முதல் இணைய ஓடைத் தளங்களில் இவ்வகைத் தமிழ்த் தொடர்கள் குறிப்பிடத்தக்க அளவில் வெளிவந்தன. ஏழெட்டுப் பகுதிகளில் கதை முடிந்துவிடுவதால், ஆண்டுக்கணக்கில் ஓடும் நெடுந்தொடர்களைப் போலன்றி இவற்றில் விறுவிறுப்பு குறைவதில்லை.

பார்க்கத்தக்க தொடர்கள்

நவம்பர் ஸ்டோரி (2021): இந்திரா சுப்பிரமணியன் இயக்கியது, 7 பகுதிகள். நினைவை இழந்துவரும் குற்றப்புனைவு எழுத்தாளர் ஒருவர் கொலை நடந்த இடத்தில் காணப்படுகிறார். உண்மையைத் தேடுபவர் அவருடைய மகள். அப்பாத்திரத்தில் தமன்னா நடித்துள்ளார்.

விலங்கு (2022): பிரசாந்த் பாண்டியராஜ் இயக்கியது, 7 பகுதிகள். விமல் உதவி ஆய்வாளராக நடித்துள்ளார். காவல் நிலையத்தின் அன்றாட வேலை, மேலதிகாரிகளின் நெருக்கடி ஆகியவற்றை மிகை இல்லாமல் காட்டுகிறது.

சுழல் (2022): புஷ்கர், காயத்ரி எழுதியது, பிரம்மா, அனுசரண் இயக்கியது, 8 பகுதிகள். சிமெண்ட் ஆலை தீப்பற்றி எரியும் வேளையில், தொழிற்சங்கத் தலைவரின் மகள் காணாமல் போகிறாள். பின்னணியில் மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கிறது. இரண்டாம் பருவம் 2025இல் வெளியானது.

வதந்தி (2022): ஆண்ட்ரூ லூயிஸ் இயக்கியது, 8 பகுதிகள். கன்னியாகுமரிப் பகுதியில் நடக்கும் கதை. கொல்லப்பட்ட இளம்பெண்ணைப் பற்றி ஊரும் ஊடகமும் கட்டும் கதைகளுக்கிடையே உண்மையைத் தேடும் அதிகாரியாக எஸ். ஜே. சூர்யா நடித்துள்ளார்.

இத்தொடர்களில் வன்முறைக் காட்சிகள் உள்ளன. சுழல் சிறார் மீதான வன்முறையையும் பேசுகிறது. எனவே வயது வரம்பைக் கவனித்துப் பார்ப்பது நல்லது.

ஆலை நகரமும் துப்பறிதலும்

சுழல் தொடரின் சாம்பலூர் ஒரு கற்பனை ஊர். ஆனால் ஆலையை நம்பி வாழும் ஊரின் இயல்பு நெய்வேலி வாசகர்களுக்குப் பழக்கமானது. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்ட பின் உருவான நெய்வேலி நகரியம், எண்ணிட்ட வட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒரே நிறுவனத்தில் வேலை, அருகருகே குடியிருப்பு, தொழிற்சங்கம் என்று வாழ்க்கை பின்னிக்கிடக்கும் ஊரில், சந்தேகத்துக்குரியவரும் சாட்சியும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாகவே இருப்பார்கள். சுழல் தன் மர்மத்தை அந்த நெருக்கத்திலிருந்தே உருவாக்குகிறது.

திரைக்கு வெளியே

துப்பறியும் கதைகளில் சந்தேக நபரை அடித்து உண்மையை வரவழைக்கும் காட்சி அடிக்கடி வருகிறது. அடி விழுந்ததும் வழக்கு முன்னேறுவதால், அதுவும் ஒரு விசாரணை முறை என்ற எண்ணம் பார்வையாளரிடம் பதியக்கூடும். உண்மை நிலை வேறு. காவல் அதிகாரியிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்தை மெய்ப்பிக்கும் சான்றாகப் பயன்படுத்த முடியாது. முன்பு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவும், 2024 சூலை முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 23ஆம் பிரிவும் இதைக் கூறுகின்றன. அவ்வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதனுடன் நேரடித் தொடர்புடைய பகுதி மட்டும் ஏற்கப்படலாம். கைதானவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22ஆம் உறுப்பு.

இவ்விதிகளின் அவசியத்தைக் காட்டும் வழக்கு நெய்வேலிக்கு அருகிலேயே நடந்தது. 1993இல் திருட்டு வழக்கு ஒன்றில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட குறவர் சமூகத் தொழிலாளி ஒருவர் உயிருடன் திரும்பவில்லை. அவர் தப்பி ஓடிவிட்டதாகக் காவல்துறை கூறியது. அவருடைய மனைவி சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்தார். அவருக்காக வழக்காடிய கே. சந்துரு பின்னாளில் அந்நீதிமன்றத்தின் நீதிபதியானார். நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பின் காவலர்கள் தண்டிக்கப்பட்டனர். 2021இல் த. செ. ஞானவேல் இயக்கத்தில் வெளிவந்த ஜெய் பீம் திரைப்படம் இவ்வழக்கைத் தழுவியது. அதில் துப்புத் துலக்குவது ஒரு வழக்கறிஞர். விசாரிக்கப்படுவது காவல் நிலையம். மேற்கண்ட தொடர்களோடு இப்படத்தையும் பார்க்கும் மாணவர், விசாரணை என்பதன் இரு பக்கங்களையும் ஒப்பிட்டு அறியலாம்.