சாக்கெட்டின் கால் விட்டுப்போனால்

தீபாவளிக்குப் பல வாரங்கள் முன்பே சிராங்கூன் சாலையில் அலங்கார வளைவுகள் எழும்பிவிடுகிற சிங்கப்பூரில், அதே நாட்களில் அடுக்குமாடி வீடுகளின் கூடங்களிலும் ஒரு வேலை மும்முரமாக நடைபெறுகிறது. வாசலில் ஒட்டுவதற்கான கோலங்களையும், வாழ்த்து அட்டைகளையும், பெயர் பொறித்த பரிசுப் பெட்டிகளையும், கணினியில் வரைந்த சித்திரத்தின்படியே தாளிலும் வினைலிலும் வெட்டித் தருகிற சிறு யந்திரங்கள் இரவு வெகுநேரம் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவற்றில் ஒன்று திடீரென்று விளக்கு எரியாமல் நின்றுவிட்டால், அதன் ஆயுள் முடிந்தது என்றே வீட்டார் தீர்மானித்துவிடுகிறார்கள். பல சமயங்களில் அந்தத் தீர்மானம் அவசரமானது. மோட்டாரும் கத்தியும் சர்க்யூட் போர்டும் யாதொரு பழுதுமின்றி இருக்க, அடாப்டரின் முனையைச் செருகுகிற சாக்கெட் மாத்திரம் விட்டுப்போயிருப்பது சர்வ சாதாரணம். சில வெள்ளிக்கு மேல் போகாத அந்தச் சின்னஞ்சிறு உறுப்புக்காக, நூற்றுக்கணக்கான வெள்ளி கொடுத்து வாங்கிய சாதனத்தைக் கழித்துவிடுவது எனக்கு உண்மையாகவே வேதனையளிக்கிற காரியம்.

சுவரில் நமக்குக் கிடைப்பது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். அடாப்டர் அதனை 18 வோல்ட் அல்லது 24 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றி, உருளை வடிவான ஒரு முனையின் வழியே யந்திரத்துக்குள் அனுப்புகிறது. சாக்கெட்டின் நடுவே ஓர் ஊசியும், பக்கத்தில் ஒரு வில்தகடும் உண்டு. இவற்றின் கால்கள் போர்டிலுள்ள துளைகளில் இறங்கி, அடியில் ஈயப்பற்றினால் பிடிக்கப்பட்டிருக்கின்றன. மின்சாரத்தைக் கடத்துவதற்கென்று வைத்த அந்தப் பற்றே, யாரேனும் கம்பியில் கால் தடுக்குகிறபோதும், யந்திரத்தை அலமாரிக்கும் மேஜைக்குமாக மாற்றுகிறபோதும் ஏற்படுகிற இழுப்பு முழுவதையும் தாங்கும்படி நேர்கிறது என்பதுதான் இங்கே நிதானித்துக் கவனிக்க வேண்டிய விஷயம். வெளியே நீண்டு நிற்கும் முனை நெம்புகோலாகிவிடுவதால், விரலால் தட்டுகிற சிறு விசைகூட அடியிலுள்ள கால்களில் பன்மடங்காகப் பெருகுகிறது. வெள்ளீயம் மிகுந்த அந்தக் கலப்புலோகமோ மென்மையானது. பலமுறை அசைபட்டபின் களைத்து வெடிக்கிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால், காலைச் சுற்றிப் பளபளப்பு மங்கிய சாம்பல் நிற மேடும், அதன் நடுவே மயிரிழை போன்ற கரிய வளையமும் புலப்படும்.

அந்த வளையம் தோன்றிய பின்னும் யந்திரம் சில நாட்கள் ஓடக்கூடும். ஆனால் ஓடுகிற விதத்தில் ஒரு விசித்திரம் உண்டு. விளக்கு எரியும், திரை மலரும், தடித்த அட்டையைக் கத்தி வெட்டத் தொடங்கியதும் எல்லாம் அணைந்துபோகும். இதன் காரணத்தை ராக்னர் ஹோல்ம் என்ற சுவீடன் தேசத்து விஞ்ஞானி தெளிவாக விளக்கியிருக்கிறார்: இரண்டு உலோகப் பரப்புகள் ஒன்றையொன்று முழுமையாகத் தொடுவதே இல்லை, நுண்ணிய மேடுகள் சில மட்டுமே சந்திக்கின்றன, மின்சாரம் முழுவதும் அந்தப் புள்ளிகளின் வழியாகவே நெருக்கியடித்துச் செல்கிறது. தொடர்பு தளர்ந்து, அங்கே அரை ஓம் மின்தடை ஏற்பட்டதாக வைத்துக்கொள்வோம். யந்திரம் சும்மா இருக்கையில் பாதகமில்லை. மோட்டார் முழு வேகத்தில் 3 ஆம்பியர் இழுக்கிறபோதோ, அந்த ஓர் இடத்திலேயே ஒன்றரை வோல்ட் குறைந்துபோவதோடு, நாலரை வாட் உஷ்ணமும் பிறக்கிறது. உஷ்ணத்தால் உலோகம் கறுத்து, மின்தடை இன்னும் ஏறி, இறுதியில் பிளாஸ்டிக்கும் உருகுகிறது.

லிட்டில் இந்தியாவின் தேக்காவில் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர், பதறிப்போய் வந்த ஒரு பெண்மணியிடம், "கம்பிய லேசா ஆட்டிப் பாருங்கம்மா, எரிஞ்சு எரிஞ்சு அணைஞ்சா அடாப்டர்ல கோளாறு இல்ல, கால்தான் விட்டுப்போச்சு" என்று சொன்னார். அனேகமாகச் சரியான சோதனைதான். ஆனால் அடாப்டரின் கம்பியே முனைக்கருகில் உள்ளே அறுந்திருந்தாலும் இதே குறி தோன்றுமாதலால், மல்டிமீட்டரைக் கொண்டு முனையில் வோல்ட் நிலையாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுவது உத்தமம்.

புதிய சாக்கெட்டுக்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தூரத்தில், ஜாலான் புசாரில் இருக்கும் சிம் லிம் டவரில், மின்னணு உதிரிப்பாகங்கள் சில்லறையாகவே கிடைக்கின்றன. பழையதைக் கையோடு கொண்டுபோவது அவசியம். ஏனெனில் வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டராகவே இருந்தாலும், முனையின் நடுத்துளை 2.1, 2.5 என்று இரு அளவுகளில் வருகிறது, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

கழற்றுவதில்தான் பொறுமை வேண்டும். ஐரோப்பாவில் 2006ஆம் ஆண்டு முதல் மின்னணுச் சாதனங்களில் காரீயத்துக்குத் தடை வந்தபின் பெரும்பாலான போர்டுகளில் காணப்படும் காரீயமற்ற பற்று, ஏறக்குறைய 217 டிகிரியில்தான் உருகத் தொடங்குகிறது. பழைய வெள்ளீய-காரீயக் கலவைக்கோ 183 டிகிரி போதும். ஆகையால் பழைய கலவையைச் சிறிது சேர்த்து உருக்கினால் முழுவதும் எளிதில் இளகிவிடும். சாக்கெட்டை வெட்டுக்குறடால் துண்டாக்கிவிட்டு, கால்களை ஒவ்வொன்றாக எடுப்பது என் அபிப்பிராயத்தில் மிகச் சிறந்த முறை. எல்லாவற்றையும் ஒன்றாக இழுத்தால் போர்டின் செப்புப் படலமே உரிந்து வந்துவிடும். சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு வேலை செய்வதும், முடிந்தபின் கைகழுவுவதும் மறக்கலாகாதவை.

இதற்கெல்லாம் கைவராதவர்களுக்கு, 2014இல் தொடங்கிய ரிப்பேர் கோபிதியாம் என்ற இயக்கத்தின் தொண்டர்கள், உடைமையாளரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். செமாக்காவ் தீவிலுள்ள ஒரே குப்பை நிரப்பிடம் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்று கணிக்கப்பட்டிருக்கும் நாட்டில், இதைவிடப் பயனுள்ள ஞாயிற்றுக்கிழமைப் பொழுது வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மேற்சொன்னவையெல்லாம் குறைந்த வோல்ட் யந்திரங்களுக்கே பொருந்தும். தேக்கா நிலையத்து மாடியில் ரவிக்கை தைப்பவர்களிடமும், அநேக வீடுகளிலும் இருக்கிற மின்சாரத் தையல் யந்திரத்தின் கதை வேறு. அங்கே கால்மிதிக் கம்பி வந்து சேருகிற சாக்கெட்டிலேயே பெரும்பாலும் 230 வோல்ட் இருக்கிறது. அது விரிசல் கண்டால் பசை வைத்து ஒட்டுவது பேரபாயம். சுவரிலிருந்து பிளக்கை உருவிவிட்டு, யந்திரத்தை அப்படியே மெக்கானிக்கிடம் கொண்டுபோய், அந்தச் சாக்கெட் முழுவதையும் அதே மாதிரியில் புதிதாக மாற்றித் தரும்படி கேட்க வேண்டும். கூடவே கால்மிதிக் கம்பியின் உறை எங்காவது வெடித்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்ல வேண்டும்.