கறுப்பர் நகரமும் பாரதியின் பெயரும்

வடசென்னையின் அடையாளத்தை வடித்ததில், அங்கு வாழ்ந்தவர்களின் விருப்பத்தைவிடக் கோட்டைக்குள் இருந்தவர்களின் அச்சத்துக்கே பெரும் பங்குண்டு. பிரெஞ்சுப் படையெடுப்புகளால் கலங்கிய பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில், ஜார்ஜ் கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரம், அதாவது இந்தியர் குடியிருப்பு, பீரங்கிகளுக்கு வெட்டவெளி தேவை என்பதற்காக இடிக்கப்பட்டது. அவ்வெளியில் எவரும் வீடு கட்டலாகாது என்று 1773இல் நடப்பட்ட எல்லைத் தூண்களில் ஒன்று, பாரிமுனையில் டேர் ஹவுஸ் அருகே, கடந்து போகிறவர்களில் பெரும்பாலோர் கவனிக்காமலே இன்றும் நிற்கிறது. வடக்கே எழுந்த புதிய கறுப்பர் நகரம் 1911இல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் பெயரை ஏற்று ஜார்ஜ் டவுன் ஆனது. இழிவு நீங்கியது உண்மையே, ஆனால் உரிமை கொண்டாடியது அப்போதும் ஆட்சியாளரின் பெயர்தான்.

விடுதலைக்குப் பின் பெயர்கள் வேறு நினைவைச் சுமந்தன. கைதுக்குத் தப்பி 1908இல் புதுச்சேரி சென்ற பாரதியின் பெயரால் வியாசர்பாடியை அடுத்து மகாகவி பாரதி நகர் உருவானது, எனினும் எம்.கே.பி. நகர் என்ற ஆங்கில எழுத்துச் சுருக்கத்துக்குள் கவிஞரே மறைந்துபோனார். நகர மதிலுக்கான வரியின் பெயரைத் தாங்கிய வால்டாக்ஸ் சாலைக்குச் சுதேசிக் கப்பல் விட்ட வ.உ.சி.யின் பெயர் சூட்டப்பட்டது. பேச்சு வழக்கிலோ, வசூலிக்கப்படாமலே கைவிடப்பட்ட அந்த வரியின் பெயரே இன்றும் நிலைத்திருக்கிறது.