ஆலை வாயிலில் நின்ற குழந்தைகள்

இயந்திரம் மனிதனுக்கு ஈந்த நன்மைகள் பல. மலிவான துணி, விரைவான பயணம், எளிதில் கிட்டும் பண்டங்கள் யாவும் அதன் கொடையே. ஆயினும், இந்நன்மைகளுக்கு முதன்முதலில் விலை கொடுத்தவர் யாவர் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? இங்கிலாந்து நாட்டின் வரலாறு அதற்கு விடை பகர்கின்றது.

18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அந்நாட்டின் லங்காஷயர் பகுதியில் நெசவு ஒரு வீட்டுத் தொழில். தாய் நூல் நூற்பாள். தந்தை தறியில் அமர்வார். பிள்ளைகள் பஞ்சைச் சிக்கெடுத்துக் கொடுப்பர். உழைப்பு கடினமே, எனினும் உண்ணும் வேளையையும் உறங்கும் வேளையையும் குடும்பமே வகுத்துக்கொண்டது.

1771-ல் ரிச்சர்டு ஆர்க்ரைட் என்பவர் குரோம்ஃபோர்டு என்னும் சிற்றூரில் நீர்விசையால் இயங்கும் நூற்பாலையை நிறுவினார். பின்னர் நீராவி இயந்திரம் ஆலைகளை நகரங்களுக்குக் கொணர்ந்தது. 1801-ல் சுமார் 75,000 மக்கள் வாழ்ந்த மான்செஸ்டரில், 1851-ல் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் நெருக்கியடித்து வாழ்ந்தனர். வீட்டை ஆண்ட பெற்றோரின் இடத்தில் ஆலையின் மணியோசை அமர்ந்தது.

அம்மணி குழந்தைகளையும் அழைத்தது. அறுந்த இழைகளை இணைக்கவும், ஓடும் இயந்திரத்தின் அடியில் தவழ்ந்து பஞ்சைப் பொறுக்கவும் சிறு விரல்களும் சிறு கூலியும் ஏற்றவையாக இருந்தன. ஏழையர் விடுதிகளிலிருந்த அனாதைகள் தொலைவிலிருந்த ஆலைகளுக்கு அனுப்பப்பட்டனர்.

இதனைத் தடுக்கச் சட்டம் இல்லாமற்போகவில்லை. 1802-லும் 1819-லும் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஆனால் ஆலைக்குள் சென்று பார்க்க அரசின் அலுவலர் ஒருவரும் இல்லை. சட்டம் ஏட்டோடு நின்றது. 1833-ஆம் ஆண்டுச் சட்டம் பஞ்சாலைகளில் ஒன்பது வயதுக்குக் குறைந்தோரை வேலைக்கு வைக்கலாகாது என்று விதித்ததோடு, நான்கு ஆய்வாளர்களையும் நியமித்தது. அப்போதும் ஓர் இடர்ப்பாடு! குழந்தையின் வயதை எங்ஙனம் அறிவது? அரசின் பிறப்புப் பதிவு அங்கு 1837-லேதான் தொடங்கிற்று. அதுவரை மருத்துவர் உடல் வளர்ச்சியைப் பார்த்து வயதை மதிப்பிட்டார். பசியின் கொடுமையால் பெற்றோரே வயதைக் கூட்டிச் சொன்னதும் உண்டு.

வேலை நேரத்தைக் குறைத்தால் தொழில் அழிந்துவிடும் என்று முதலாளிகள் பலர் முறையிட்டனர். ஆனால் ஸ்காட்லாந்தின் நியூ லானார்க் ஆலையில் ராபர்ட் ஓவன், பத்து வயதுக்குட்பட்ட சிறுவரை வேலைக்கு வைக்காமல், 1816-ல் பள்ளியும் திறந்து, இலாபமும் ஈட்டிக் காட்டினார். 1847-ல் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் நாளொன்றுக்குப் பத்து மணி நேர வேலை சட்டமாயிற்று. ஆலைகள் அழியவில்லை, மேலும் வளர்ந்தன.

1891-ல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தம் சுற்றுமடலில், உடலும் உள்ளமும் முதிருமுன் குழந்தைகளைத் தொழிற்கூடங்களுக்கு அனுப்பலாகாது என்று எச்சரித்தபோது, ஒரு நூற்றாண்டின் கண்ணீர் அதன் பின்னணியில் இருந்தது.

இயந்திரம் தானாக இரக்கம் கொள்வதில்லை. செல்வம் பெருகினால் நீதியும் தானே பெருகும் என்பதும் மெய்யன்று. எவரேனும் உள்ளே சென்று பார்க்க வேண்டும், எண்ண வேண்டும், எடுத்துரைக்க வேண்டும். 2024-ஆம் ஆண்டின் மதிப்பீட்டின்படி உலகில் சுமார் 13 கோடியே 80 இலட்சம் குழந்தைகள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றனர். பள்ளிக்கு வராத பிள்ளை எங்கே இருக்கின்றது என்று வினவும் குடும்பங்கள் பெருகட்டும். அன்று நால்வர் ஆற்றிய பணியை இன்று நாம் அனைவரும் ஆற்றலாமன்றோ?