ஐந்து மணித்தியாலப் பயணம்

மத்திய கிழக்குக்குப் போகவிருக்கும் சகோதரிகள் என்னிடம் முதலில் கேட்பது, "ரியாத் எவ்வளவு தூரம்?" என்பதே. கொழும்பிலிருந்து வான்வழியே ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர். நேரடி விமானமென்றால் ஐந்து மணித்தியாலத்துக்குச் சற்று அதிகம்.

2014இல் நான் போனபோது மஸ்கெலியாவிலிருந்து அட்டனுக்கு ஒரு மணித்தியாலம், அட்டனிலிருந்து கொழும்புக்கு நான்கரை, அங்கிருந்து கட்டுநாயக்கவுக்கு இன்னும் ஒன்று. விமானம் புறப்பட மூன்று மணித்தியாலம் முன்னரே அங்கு நிற்கவேண்டும். வானத்தைவிடத் தரையில்தான் அதிக நேரம் போனது. பக்கத்து ஆசனத்தில் இருந்த முல்லைத்தீவுச் சகோதரி, யுத்தத்தில் கணவரை இழந்தவர், முதல்நாள் இரவே பஸ் ஏறியிருந்தார். பயணச்சீட்டைக் காட்டி, "6.30க்கு வெளிக்கிட்டு 9.15க்கு இறங்குது எண்டு கிடக்கு. ரெண்டேமுக்கால் மணித்தியாலம்தானோ அக்கா?" என்றார்.

சீட்டில் புறப்படும் நேரம் இலங்கை நேரம். இறங்கும் நேரம் சவூதி நேரம். அவர்களின் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால் ஓடுகிறது. அதையும் கூட்டினால் ஐந்தேகால். வேறொரு நாட்டில் இறங்கி விமானம் மாறுவதென்றால் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலமும் ஆகலாம்.

இந்த இரண்டரை மணித்தியாலத்தை வீட்டாரும் அறிந்திருக்கவேண்டும். வேலை முடித்து நான் கதைக்கும்போது அங்கே இரவு 11 மணி. எங்கள் லயத்தில் 1.30. அம்மா விழித்திருப்பார்.

ரியாத்தில் இறங்கியதோடு என் பயணம் முடியவில்லை. அங்கிருந்து காரில் 300 கிலோமீற்றருக்கு மேல், புரைதா என்ற நகருக்குக் கொண்டுபோனார்கள். முகவர் அதைச் சொல்லவே இல்லை. ஊரில் எல்லோரும் நான் ரியாத்தில் இருப்பதாகவே நினைத்திருந்தார்கள்.

அடுத்த ஆண்டு அம்மா இறந்தார். ஐந்து மணித்தியாலத்தில் வந்துவிடுவாள் என்று அண்ணன் ஒருநாள் கூடுதலாக அடக்கத்தைத் தள்ளி வைத்தாராம். என் கடவுச்சீட்டு வீட்டுக்காரரின் அலுமாரியில் இருந்தது. (மற்றவரின் கடவுச்சீட்டை வைத்திருக்க அந்நாட்டுச் சட்டத்திலும் இடமில்லை, நடப்பது வேறு.) வெளியேறும் விசாவையும் அவர்தான் எடுத்துத் தரவேண்டும். 2021 மார்ச்சில் சவூதி இந்த விதியைப் பல தொழிலாளருக்குத் தளர்த்தியபோதும் வீட்டுப் பணிப்பெண்களை அதில் சேர்க்கவில்லை. நான் லயத்துக்கு வந்து சேர்ந்தது பதினேழாம் நாள், கருமாதிக்கு மறுநாள்.

ஆகவே, எந்த விமான நிலையம் என்பதோடு எந்த நகரம், எந்த வீடு என்பதையும் முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதையும் கடவுச்சீட்டின், ஒப்பந்தத்தின் பிரதிகளையும் வீட்டில் பொறுப்பானவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தையும் அவரிடமே எழுதிக்கொடுங்கள். போன அன்றே கைத்தொலைபேசியை வாங்கி வைத்துக்கொள்ளும் வீடுகளும் அங்கே உண்டு.