ஒரே யுத்தம், இரண்டு பாடப் புத்தகம்!

ஷிப்டு முடிந்து வந்த அப்பா கைகால் கழுவிக்கொண்டு உட்காருகிறார். மூலையில் பையன் சரித்திரப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருக்கிறான். பாடம் கன்னடத்தில் இருக்கிறது. அப்பாவுக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. ஆனாலும் காதில் விழுந்த ஒரு பெயர் அவரை நிமிர்ந்து உட்கார வைக்கிறது. புலிகேசி!

"யாருடா, வாதாபி புலிகேசியா? அவனை நம்ம நரசிம்மவர்மன் தோற்கடிச்சானே!"

"இல்லப்பா. புலிகேசி பெரிய ராஜா. நர்மதைக் கரையிலே ஹர்ஷனையே தடுத்து நிறுத்தினவன். காஞ்சி மகேந்திரவர்மனையும் ஜெயிச்சவன். எங்க மிஸ் சொன்னாங்க."

அப்பாவுக்குச் சுருக்கென்கிறது. தம் பிள்ளையே எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டதைப் போல ஒரு திகைப்பு. பையனுக்கோ வேறு சங்கடம். பள்ளிக்கூடத்தில் சொன்னதை நம்புவதா, வீட்டில் சொல்வதை நம்புவதா?

ஆனேக்கல், சந்தாபுரம், பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி வட்டாரத்தில் வாடகை வீடுகளில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. பெற்றோர் படித்தது தமிழ்நாட்டுப் பாடப் புத்தகம். பிள்ளைகள் படிப்பது கர்நாடகப் பாடப் புத்தகம். இடையில் இருப்பது ஒரு செக்போஸ்ட்தான். ஆனால் கதாநாயகர்கள் மாறிவிடுகிறார்கள்!

யார் சொல்வது சரி? இருவர் சொல்வதும் சரிதான். ஏழாம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி பல்லவ நாட்டின் மீது படையெடுத்து மகேந்திரவர்மனைத் திணற அடித்தான். மகேந்திரவர்மனின் மகன் நரசிம்மவர்மன் 642-ம் ஆண்டு வாக்கில் வாதாபியையே பிடித்துப் பழி தீர்த்துக்கொண்டான். ஒரே பகையின் இரண்டு பாதிகள் இவை. எந்தப் பாதியை விரித்துச் சொல்வது, எந்தப் பாதியைச் சுருக்குவது என்பதில்தான் வித்தியாசம். தமிழர் மனத்தில் கல்கியின் 'சிவகாமியின் சபதம்' நாவல் பிற்பாதியை ஆழப் பதித்துவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அசோகர் நட்ட மரங்கள்

அப்பாவின் பள்ளி நாட்களைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம். சரித்திர வகுப்பு என்றதும் தமிழ்நாட்டில் படித்த எவருக்கும் முதலில் நினைவு வருவது, அசோகர் சாலை ஓரங்களில் மரங்களை நட்டார் என்ற ஒற்றை வரிதான். கேள்வி எந்த அரசனைப் பற்றி வந்தாலும், பதில் தெரியாத பையன் அந்த அரசனையும் மரம் நட வைத்துவிடுவான்! குளம் வெட்டினான், சத்திரம் கட்டினான், மரம் நட்டான் என்று எழுதினால் ஐந்து மார்க்குக்கு இரண்டாவது தேறும்.

பானிப்பட்டுச் சண்டைகள் 1526, 1556, 1761 என்று கிளிப்பிள்ளை போல் ஒப்பிக்க வேண்டும். ஒரு வருஷம் தவறினால் உள்ளங்கையில் பிரம்பு பேசும். இந்தியப் படத்தில் கலர் பென்சிலால் அக்பர் ராஜ்யத்துக்குப் பச்சை அடிப்பதற்குள் பெல் அடித்துவிடும். பரீட்சை முடிந்த மறுநாள் அத்தனையும் மறந்துபோகும்.

ஆனால் ஒன்று மட்டும் பலருக்கு மறக்கவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "நம்ம ஊர் ஏரியை யார் வெட்டினது தெரியுமாடா?" என்று கேட்ட வாத்தியாரை மறக்கவில்லை. அன்றைய தினம் வகுப்பில் யாரும் தூங்கியதில்லை. வருஷக் கணக்கெல்லாம் போனாலும் அந்த ஒரு வகுப்பு நிற்கிறது என்றால், அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

வாத்தியார்களுக்கு ஒரு பாடம்

அந்தக் காரணத்தை விளக்குவதற்கென்றே புத்தகங்கள் இருக்கின்றன. பாடம் படிக்கும் பிள்ளைகளுக்கு அல்ல, பாடம் நடத்தும் வாத்தியார்களுக்காக எழுதப்பட்டவை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவர்கள் பல ஆண்டுகளாகப் படித்துவரும் எஸ்.கே. கோச்சரின் ஆங்கில நூல் அவற்றில் ஒன்று. தெரிந்ததிலிருந்து தெரியாததற்கும், பக்கத்தில் இருப்பதிலிருந்து தூரத்தில் இருப்பதற்கும் பிள்ளையை அழைத்துப் போக வேண்டும் என்பது ஆசிரியர் பயிற்சியில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் விதி. 2005-ம் ஆண்டு வெளியான தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும், பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு படிப்பை இணைக்க வேண்டும் என்பதையே தன் முதல் கொள்கையாக வைத்தது.

டில்லிப் பல்கலைக்கழகக் கல்விப் பேராசிரியர் கிருஷ்ண குமார் 2001-ம் ஆண்டில் ஒரு புத்தகம் வெளியிட்டார். இந்தியப் பள்ளிகளும் பாகிஸ்தான் பள்ளிகளும் ஒரே சுதந்திரப் போராட்டத்தைத் தத்தம் பிள்ளைகளுக்கு எப்படி வெவ்வேறாகச் சொல்லிக் கொடுக்கின்றன என்பதை அவர் பக்கத்தில் பக்கம் வைத்துக் காட்டினார். எதைச் சேர்த்தார்கள் என்பதைப் போலவே எதை விட்டார்கள் என்பதும் முக்கியம் என்பது அதைப் படிப்பவருக்கு விளங்கும். புலிகேசி விஷயமும் அப்படித்தான் அல்லவா?

பிரெஞ்சு சரித்திர ஆசிரியர் மார்க் பிளாக் எழுதிய நூல் இன்னும் உருக்கமானது. இரண்டாவது உலக யுத்தத்தின் நடுவே, கையில் போதிய புத்தகங்கள் இல்லாத நிலையில் அவர் அதை எழுதினார். சரித்திரத்தால் என்ன பயன் என்று ஒரு சிறு பையன் தன் தகப்பனாரைக் கேட்கும் கேள்வியோடு நூல் தொடங்குகிறது. எழுதி முடிக்கும் முன்பே, 1944-ம் ஆண்டு ஜூன் மாதம் ஜெர்மானியர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். முற்றுப்பெறாத அந்த நூல் 1949-ல் அச்சேறியது. இறந்தகாலத்தின் சாட்சிகளை எப்படி விசாரிப்பது, எந்தச் சாட்சியை எவ்வளவு நம்புவது என்பதே அந்த நூல் கற்றுத் தரும் பாடம்.

குதிரையில் வந்த இன்ஸ்பெக்டர்

சாட்சி என்றால் எங்கே போவது? ஆனேக்கல்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

பெங்களூரிலேயே 1837-ம் ஆண்டு பிறந்த ஓர் ஆங்கிலேயர் பி.எல். ரைஸ். முதலில் பெங்களூர் ஹைஸ்கூல் தலைமையாசிரியர். பின்பு மைசூர் ராஜ்யப் பள்ளிக்கூடங்களின் இன்ஸ்பெக்டர். பள்ளிகளைப் பார்வையிடக் குதிரையில் ஊர் ஊராகப் போனவர், ஏரிக்கரையிலும் கோயில் வாசலிலும் எழுத்து வெட்டிய கற்கள் கிடப்பதைப் பார்த்தார். பள்ளிக்கூடத்துக்குள் பிள்ளைகள் தொலைதூர ராஜாக்களைப் பாராமல் படித்துக்கொண்டிருக்க, வெளியே அவர்கள் ஊரின் சரித்திரமே கல்லில் கிடந்தது!

பிற்காலத்தில் அவர் தொல்பொருள் துறைக்குத் தலைவரானார். சுமார் 9,000 கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் 'எபிகிராபியா கர்நாடிகா' என்ற வரிசையில் 12 தொகுதிகளாக வெளியிட்டார். பெங்களூர் மாவட்டத்துக்கு உரியது ஒன்பதாம் தொகுதி, 1905-ல் வந்தது. அதில் ஆனேக்கல் தாலுகாவுக்குத் தனிப் பகுதியே உண்டு. புரட்டிப் பார்த்தால் கன்னடக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. தமிழ்க் கல்வெட்டுகளும் இருக்கின்றன.

தமிழ் எப்படி இங்கே வந்தது? 11-ம் நூற்றாண்டில் இந்தப் பிரதேசம் சோழர் ஆட்சியில் 'நிகரிலி சோழ மண்டலம்' என்ற பெயரோடு இருந்தது. சோழர் போய் போசளர் வந்த பிறகும் தமிழ் போய்விடவில்லை. 13-ம் நூற்றாண்டில் போசள நாடு இரண்டு பங்காகப் பிரிந்தபோது, தெற்குப் பங்கைப் பெற்ற ராமநாதன் ஸ்ரீரங்கத்துக்கு அருகே உள்ள கண்ணனூரிலும், பிறகு இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குந்தாணியிலும் இருந்து ஆண்டான். கன்னட வம்சத்து அரசன். இந்தப் பக்கத்துக் கோயில்களில் அவன் காலத்துச் சாசனங்கள் தமிழில் இருக்கின்றன. அன்றைக்கு இந்த எல்லையில் இரண்டு பாஷையும் ஒரே கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்தன என்றால் மிகையாகாது.

ஊர்ப் பெயரையே பாருங்கள். தமிழர் காதில் அது யானைக்கல். கன்னடத்தில் ஆனெகல்லு என்றால் ஆலங்கட்டி!

இரண்டு கதை, இரண்டு கல்

கதை வேறு, சாட்சி வேறு என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இரண்டு உதாரணங்கள் போதும்.

முதலாவது பெங்களூரின் பெயர். வேட்டையில் வழி தவறிய வீரவல்லாள மன்னனுக்கு ஒரு கிழவி வெந்த அவரைக்கொட்டை கொடுத்துப் பசியாற்றினாள். அதனால் 'பெந்த காளு ஊரு' ஆயிற்று என்று கன்னடப் பிள்ளைகள் பலரும் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். இந்த மன்னன் 12, 13-ம் நூற்றாண்டுக்காரன். ஆனால் ஓசூர் ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளியுள்ள பேகூர் நாகேசுவரர் கோயிலில் ஒரு பழங்கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. பெங்களூருச் சண்டையில் இறந்த ஒருவனை அது குறிப்பிடுகிறது. காலம் சுமார் 890. கிழவி அவரைக்கொட்டை கொடுப்பதற்கு ஏறக்குறைய முந்நூறு வருஷம் முன்பே ஊருக்கு அந்தப் பெயர் இருந்திருக்கிறது!

இதைக் கேட்டுத் தமிழர் யாரும் சிரித்துவிட வேண்டாம். இரண்டாவது உதாரணம் நம்முடையது. திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த ஜி.யு. போப் தம் கல்லறையில் 'தமிழ் மாணவன்' என்று பொறிக்கச் சொன்னதாக நாம் அனைவரும் பள்ளியில் படித்தோம். ஆக்ஸ்போர்டு நகரில் 1908-ல் காலமான அவருடைய கல்லறைக் கல் இன்றும் இருக்கிறது. அந்தச் சொல் அதில் இல்லை. ஆனால் வேறொன்று இருக்கிறது. அந்தக் கல்லை அவர் குடும்பத்தாரோடு சேர்ந்து தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் அன்போடு நாட்டினார்கள் என்ற செய்தி. கதையை விட உண்மை ஒன்றும் குறைந்துவிடவில்லை பாருங்கள்!

இந்தப் போப் பெங்களூருக்குப் புதியவரல்ல. பிஷப் காட்டன் பள்ளியின் தலைவராக 1871 முதல் 1882 வரை இங்கே இருந்தவர். பள்ளி மாணவர்களுக்காக ஆங்கிலத்தில் இந்திய சரித்திரப் பாடநூல் எழுதியவர். 1871-ல் வெளியான அந்த நூலில் அரச வம்ச அட்டவணைகளும் பரீட்சைக் கேள்விகளும் இருந்தன. பாடநூல் எழுதியவரைப் பற்றியே பாடநூலில் ஒரு கதை நுழைந்துவிட்டது என்பது வேடிக்கையான விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு

அப்பாக்கள் செய்யக்கூடியது என்ன? பையனின் புத்தகத்தோடு சண்டை போடுவதால் பயனில்லை. அவன் கன்னடத்தில் நன்றாகப் படிக்க வேண்டும். இந்த மண்ணில்தான் அவனுக்கு வேலையும் வாழ்க்கையும். "உன் புத்தகம் பொய்" என்று வீட்டில் சொன்னால் அவன் பள்ளியில் அந்நியனாவான். "வீட்டில் சொல்வது பொய்" என்று அவன் நினைத்தால் வீட்டில் அந்நியனாவான். இரண்டும் வேண்டாம். "அது எப்படித் தெரியும்?" என்று இரண்டு பக்கமும் மரியாதையோடு கேட்கப் பழக்கினால் போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பேகூருக்கு அழைத்துப் போகலாம். உள்ளூரில் பழைய கோயில் வாசலில் எழுத்துக் கல் இருந்தால் காட்டலாம். ரைஸ் பதிவு செய்த கற்கள் பல, இன்று இருந்த இடத்தில் இல்லை. ரோடு அகலமானபோதும் லே-அவுட் போட்டபோதும் போய்விட்டன. பெங்களூரில் 1909-ல் தோன்றிய மிதிக் சொசைட்டி, எஞ்சிய கற்களைத் தேடி முப்பரிமாண முறையில் படமெடுத்து வருகிறது. துணி துவைக்கும் கல்லில் எழுத்து தென்பட்டால், அது நூறாண்டு கடந்த சாட்சியாக இருக்கலாம். உடைக்க விடாமல் தடுப்பது நம் கையில் இருக்கிறது.

இன்னொரு சாட்சி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அது அப்பாவின் ஞாபகம். எந்தப் பள்ளியில் படித்தார், எத்தனை மைல் நடந்தார், மத்தியானம் என்ன சாப்பிட்டார், ஏன் படிப்பு நின்றது, எந்த வருஷம் ஓசூரைத் தாண்டி வந்தார் என்பதெல்லாம் சரித்திரம்தான். உ.வே. சாமிநாதையர் தம் திண்ணைப் பள்ளிக்கூட நாட்களை 'என் சரித்திரம்' என்ற பெயரில் எழுதியதால்தான், 19-ம் நூற்றாண்டில் ஒரு தமிழ்ப் பிள்ளை எப்படிப் படித்தான் என்று இன்று நமக்குத் தெரிகிறது. எல்லாரும் ஐயராக முடியாது. பையனின் பழைய நோட்டில் நான்கு பக்கம் எழுதி வைக்க யாராலும் முடியும்.

புலிகேசிக் கதைக்கும் ஒரு முடிவு உண்டு. நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடித்து ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். பழி வாங்க வந்தவன் கொள்ளை அடிக்கவில்லை. கைலாசநாதர் கோயில் பொன்னைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். அதைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு காஞ்சிபுரத்தில் அதே கோயிலில் இன்றும் இருக்கிறது.

காஞ்சியில் ஒரு கன்னடக் கல். ஆனேக்கலில் தமிழ்க் கற்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்தக் கல்லை அப்பா காட்டட்டும். எழுத்துக் கூட்டிப் பையன் படித்துச் சொல்லட்டும்.