நற்கருணை வேளையில் ஏன் பிரிகிறோம்?

நம் பள்ளியில் தென்னிந்தியத் திருச்சபைத் தோழியர் பலர் உண்டு. திருப்பலியில் அவர்கள் நம்முடன் பாடுகிறார்கள், வாசகம் கேட்கிறார்கள். நற்கருணை வழங்கும்போது மட்டும் நாம் எழுந்து செல்ல, அவர்கள் இடத்திலேயே இருந்துவிடுகிறார்கள். அவர்கள் பெற்ற ஞானஸ்நானத்தை நம் திருச்சபை ஏற்கும்போது, பந்தி மட்டும் ஏன் வேறாயிற்று? மறைக்கல்வி வகுப்பில் இதைக் கேட்டோம். "திருச்சபை எது?" என்ற வினாவில்தான் விடை இருக்கிறது என்று அறிந்தோம்.

1530-ஆம் ஆண்டு லூத்தர் வழியினர் வெளியிட்ட ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, நற்செய்தி தூயதாகப் போதிக்கப்பட்டு, திருவருட்சாதனங்கள் முறைப்படி வழங்கப்படும் இடத்தில் திருச்சபை உண்டு என்கிறது. ஒற்றுமைக்கு அதுவே போதுமாம். நமக்கோ அது போதாது. அப்போஸ்தலர் தொடங்கி ஆயர்கள் வழியாக வரும் குருத்துவமும், பாப்பரசரோடு ஒன்றிப்பும் வேண்டும். அக்குருத்துவம் இல்லாத இடத்தில் நற்கருணை மறைபொருள் முழுமையாக இல்லை என்பது நம் போதனை.

"அவர்களுக்கும் பேராயர் உண்டே!" என்றாள் ஒருத்தி. நியாயமான கேள்விதான். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபையார் ஒன்றானபோது, ஆயர் மரபு ஆங்கிலிக்கர் வழியே வந்தது. ஆனால் ஆங்கிலிக்கரின் குருத்துவம் செல்லாது என்று 1896-இலேயே பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் தீர்ப்பளித்திருந்தார். அத்தீர்ப்பு இன்றளவும் மாற்றப்படவில்லை.

மாறியது வேறொன்று. கிறிஸ்துவின் மறையுடல் கத்தோலிக்கத் திருச்சபையே என்று 1943-இல் 12-ஆம் பத்திநாதர் எழுதினார். 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமோ, கிறிஸ்துவின் திருச்சபை கத்தோலிக்கத் திருச்சபையில் 'நிலைபெற்றிருக்கிறது' என்றது. ஒரு சொல்தான்! ஆயினும், வெளியே உள்ள சபைகளிலும் புனிதமும் உண்மையும் சார்ந்த கூறுகள் பல உண்டு என்று சொல்ல அதனால் இடம் உண்டாயிற்று.

2000-இல் உரோமை வெளியிட்ட ஏடு ஒன்று, ஆயர் மரபைக் காவாத சபைகள் முறையான பொருளில் திருச்சபைகள் அல்ல என்றது. சீர்திருத்தச் சபையார் பலர் மனம் நொந்தனர். அதில் வியப்பென்ன? நம் தாயை யாரேனும் 'முறையான பொருளில் தாய் அல்ல' என்றால் நாம் பொறுப்போமா?

இத்தனைக்கும், மனிதன் இறைவன்முன் நீதிமானாவது அருளாலேயே என்பதில், அதாவது லூத்தர் காலத்துப் பெரும் வழக்கிலேயே, 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் இரு சாராரும் கையொப்பமிட்டனர். 2006-இல் மெதடிஸ்ட் சபையாரும் அதில் சேர்ந்தனர். திருச்சபை, குருத்துவம், பந்தி ஆகியவை பற்றிய உரையாடல் இன்னும் நடந்து வருகிறது.